நூற்றைந்து டிகிரி

மழை பெய்கிற நாளில் நாங்கள் கல்லை எடை போடுவதில்லை, மேடம். நீங்கள் ஜன்னலைச் சாத்தச் சொன்னபோது அது ஞாபகம் வந்தது. காற்றில் ஈரம் இருந்தால் உலர்ந்த கல்லும் கொஞ்சம் ஈரத்தைக் குடிக்கும், தராசில் கடைசிப் புள்ளி நிலையாக நிற்காது. அந்த மாதிரி நாளில் லேபில் எல்லாருக்கும் வேலை கம்மி. டீ குடித்துக்கொண்டு பழைய ரிப்போர்ட்டுகளைச் சரிபார்ப்போம். இந்த வாக்குமூலத்தை என் கையாலேயே எழுதித் தருகிறேன் என்று கேட்டதற்கு நீங்கள் சம்மதித்தீர்கள். அதற்கு நன்றி. ஏட்டு எழுதினால் எண்களில் தப்பு வரும்.

என் பெயர் வேதாசலம். வயது ஐம்பத்து நான்கு. சொந்த ஊர் குடியாத்தம் பக்கம். ராணிப்பேட்டை தொழிற்பேட்டையில் உள்ள பாறைப் பரிசோதனை லேபுக்கு இருபத்திரண்டு வருடமாக மேனேஜர். பதினாறு நாளுக்கு முன்னால் எங்கள் லேபின் குளிர் அறையில் இறந்துபோன கௌதம், என்னிடம் பதினான்கு வருடம் வேலை பார்த்தவன். அலட்சியத்தால் நேர்ந்த சாவு என்று எங்கள் ஸ்டோர் கீப்பர் ஷபீ அஹமதைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். ஷபீ பாய் மேல் எந்தத் தப்பும் இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், ஒரு எண்ணுக்காகவா ஒரு ஆள் சாவான் என்று உங்களுக்குத் தோன்றும். வேலூர், ஆம்பூர் பக்கம் காலுக்குக் கீழே எல்லாம் கருங்கல். அரக்கோணம் தாண்டிக் கிழக்கே போனால் அப்படி இல்லை. கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்னால் அங்கே நிலம் இழுபட்டுப் பிளந்து, நடுப்பகுதி கீழே இறங்கியிருக்கிறது. அந்தப் பிளவுப் பள்ளத்தில் அந்தக் கால ஆறுகள் மணலைக் கொட்டின. அது ஆழத்தில் இறுகி மணற்கல்லாகிவிட்டது. அதற்குள் எண்ணெய் கிடைக்குமா என்று ஒரு கம்பெனி தேடிக்கொண்டிருக்கிறது. துளை போட்டு, உருளை உருளையாகக் கல்லை எடுத்து எங்களுக்கு அனுப்புவார்கள். அதைக் கட்டைவிரல் அளவுத் துண்டுகளாக வெட்டி, கழுவி, உலர்த்தி, எண்ணெய் ஓடத் தோதான கல்லா இல்லையா என்று நாங்கள் சொல்ல வேண்டும்.

எண்ணெய் பூமிக்குள் ஏரி மாதிரி தேங்கி நிற்பதில்லை. மணலுக்கும் மணலுக்கும் நடுவில் உள்ள இடுக்குகளில்தான் இருக்கும். இடுக்கு நிறைய இருந்தால் மட்டும் போதாது, ஒரு இடுக்கிலிருந்து அடுத்ததற்கு வழி வேண்டும். அந்த வழி எவ்வளவு தாராளமாக இருக்கிறது என்பதற்கு ஒரு எண் உண்டு. அந்தப் பள்ளத்தைப் பொறுத்தவரை, பத்துக்குக் கீழே போனால் கம்பெனி மூட்டை கட்டிவிடும். நூறுக்கு மேல் என்றால் மேலும் கிணறு போடும். என் ரிப்போர்ட்டில் இருந்த எண் இருநூற்றுப் பன்னிரண்டு.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அந்தப் பள்ளத்தை எல்லாருமே உதவாது என்று ஒதுக்கியிருந்தார்கள். முதல் கிணற்றின் கல்லைப் பார்த்துவிட்டு, இல்லை, ஒரு அடுக்கு மட்டும் நன்றாக இருக்கிறது என்று எழுதியவன் நான். கம்பெனிக்காரர்கள் அந்த அடுக்குக்கு 'வி மணல்' என்று பெயர் வைத்தார்கள். அந்த வி நான்தான், மேடம். சென்னையில் அவர்கள் ஆபீஸ் சுவரில் ஒரு பெரிய படம் மாட்டியிருக்கிறார்கள். அதில் இரண்டாயிரத்து நூறு மீட்டர் ஆழத்தில் மஞ்சளாக ஒரு பட்டை, அதன் மேல் இங்கிலீஷில் என் பெயரின் முதல் எழுத்து. என் அப்பா பாலாற்று மணலை மாட்டு வண்டியில் ஏற்றிப் பிழைத்தவர். அந்தப் படத்தின் முன்னால் நிற்கும் போதெல்லாம் அப்பா இருந்து பார்த்திருக்கலாமே என்று நினைப்பேன்.

முதல் கிணறும் இரண்டாவதும் எண்ணெய் கொடுக்கவில்லை. கசிந்து நின்றுவிட்டன. துளை போடும்போது ஊற்றுகிற சேறு வழியை அடைத்துவிட்டது என்று காரணம் சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். கல் நல்ல கல், வேதாசலம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மூன்றாவதையும் போட்டார்கள். இந்த முறை கல் நன்றாக இருந்தால் இன்னும் ஆறு கிணறு. இல்லாவிட்டால் கம்பெனி போய்விடும், எங்கள் லேபை மூட வேண்டியதுதான். கருங்கல் சோதனைக்கு இப்போது யாரும் வருவதில்லை. முப்பத்தொரு குடும்பம், மேடம். இதில் பாதிப்பேருக்கு மறுபடியும் தோல் பதனிடும் ஷாப்பைத் தவிர வேறு வாசல் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

கௌதம் ஆம்பூர்க்காரன். முப்பத்தெட்டு வயது. கல்லைக் காகிதத்தை விட மெல்லியதாகத் தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் வைத்து, எந்த மணல் எந்த மலையிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவான். அவனைப் போல ஒரு கண் இந்தப் பக்கத்தில் இல்லை. அவனை நான்தான் தேர்ந்தெடுத்தேன். அவன் ஆட்கள் இந்த மாதிரி வேலைக்கு வருவது அபூர்வம் என்று சிலர் சொன்னபோதும் நான்தான் எடுத்தேன். தம்பி என்றுதான் கூப்பிடுவேன். அவன் எனக்கு எவ்வளவோ செய்திருக்கிறான், நானும் அவனுக்குச் செய்திருக்கிறேன்.

அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. சாத்தியிருக்கிற எந்த அறைக்குள் போனாலும், கதவை ஒரு சாண் திறந்து, தலையை நீட்டி, மூக்கால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் போவான். அவன் அப்பா ஒரு தோல் ஷாப்பின் கழிவுத் தொட்டியில் இறங்கிச் செத்தவர். கௌதம் அப்போது பதினொன்றாம் வகுப்பு. அதற்குப் பிறகு வந்த பழக்கம். ஆம்பூர் ஆட்களுக்குக் கெட்ட காற்று என்றால் நாறும், நாறாவிட்டால் நல்ல காற்று. லேபில் எல்லாரும் அவனைக் கேலி செய்வோம்.

"இன்னா கௌதமு, உள்ள பிரியாணியா?" என்பார் ஷபீ பாய்.

"சிரிங்க பாய். என் மூக்குதான் எனக்கு இன்சூரன்ஸு" என்பான்.

எல்லா வாயுவும் நாறாது என்பது அவனுக்குத் தெரியும். பாதுகாப்பு வகுப்பில் நான் வைத்த பரீட்சையில் அதைச் சரியாக எழுதியவன் அவன். ஆனால் படித்தது தலையில் இருந்தது, மூக்கு அதற்கு முன்னாலேயே பழகிவிட்டது.

என் தப்பு ஓவனில் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் லேப் ஆரம்பித்தது கருங்கல் சோதனைக்காக. சமாதிக்கல், தரைக்கல் ஏற்றுமதி செய்கிறவர்கள் வருவார்கள். கருங்கல்லை உலர்த்த வேண்டுமென்றால் நூற்றைந்து டிகிரியில் ஒரு நாள் வைத்தால் போதும். கருங்கல்லுக்கு எதுவும் ஆகாது. மணற்கல் வந்தபோதும் அதே ஓவன், அதே நூற்றைந்து. கழுவின கல்லை உலர்த்தத்தானே போகிறோம், சூட்டில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். கருங்கல் சீமையில் பிறந்தவனுக்குக் கல் என்றால் சுட்டாலும் கல்தான்.

மூன்றாவது கிணறு போடும்போது கம்பெனியின் புது ஜியாலஜிஸ்ட் ரஃபத் ஜஹான் ஒரு காரியம் செய்தார். எடுத்த கல்லில் கொஞ்சத்தை அதே ஈரத்தோடு டிரை ஐஸில் உறைய வைத்து அனுப்பச் சொன்னார். அதற்காகத்தான் எங்கள் குளிர் அறையே. கௌதம் அதிலிருந்து இரண்டு துண்டு எடுத்து, என்னிடம் சொல்லாமல், மூலையில் கிடந்த ஈர ஓவனில், அறுபது டிகிரியில், காற்றில் ஈரம் வைத்து, பத்து நாள் மெதுவாக உலர்த்தியிருக்கிறான். அதில் ஒன்றை வெளியே எடுத்து அளந்திருக்கிறான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் என்னை மைக்ராஸ்கோப் அறைக்குக் கூப்பிட்டான். கம்ப்யூட்டர் திரையில் இரண்டு படம். இரண்டும் ஒரே ஆழத்துக் கல். ஒன்றில் இடுக்குகள் துடைத்த மாதிரி சுத்தமாக இருந்தன. இன்னொன்றில் இடுக்கு முழுக்க இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் மயிர் மயிராகக் களிமண்.

"இது நம்ம ஓவன்ல காஞ்சது சார். இது மெதுவா காஞ்சது" என்றான். "ஆட்டுத் தோலு ஈரமா இருக்கறப்ப மயிரு நிக்கும். சூட்டுல காஞ்சா அப்படியே படுத்துடும். அந்த மாதிரிதான் சார் இதுவும். நம்ம ஓவன் மயிரைப் படுக்க வச்சிடுது. வழி தொறந்திருக்கற மாதிரி தெரியுது. பூமிக்குள்ள வழி இல்ல."

"எவ்ளோ வந்துச்சு?"

"நாலு சார்."

இருநூற்றுப் பன்னிரண்டு இல்லை. நான்கு. அவன் என் முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்த்தபடி பேசினான், அது மரியாதைக்காக என்று நினைக்கிறேன். முதல் இரண்டு கிணற்றுக் கல்லும் இதே ஓவனில்தான் காய்ந்தது என்று அவன் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை. ஒன்பது வருடம், இரண்டு கிணறு, ஒரு மஞ்சள் பட்டை எல்லாம் அந்த அறைக்குள் எங்களோடு நின்றிருந்தன.

"திங்கக்கிழமை ரஃபத் மேடம் வர்றாங்கல்ல. சொல்லிடலாம் சார்" என்றான்.

ஒரு மாதம் பொறு என்றேன். இன்னொரு முறை அளக்கலாம் என்றேன். ஈர ஓவனின் மீட்டரில் கோளாறு இருக்கும் என்றேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னான். அன்று மாலை பைக்கில் வீட்டுக்குப் போகும்போது நவல்பூர் பக்கம் ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். எனக்கு அப்படி அழுத ஞாபகம் அப்பா இறந்தபோதுகூட இல்லை. என் மனைவி மோகனா இன்னா ஆச்சு என்று கேட்டாள். கண்ணில் தூசு என்றேன்.

சனிக்கிழமை முழுக்கத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆற்காட்டில் மக்கன் பேடா ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு ஆம்பூரில் கௌதம் வீட்டுக்குப் போனேன். பதினான்கு வருடத்தில் அதுதான் முதல் தடவை. அவன் மனைவி ஜாஸ்மினுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். தட்டில் பலகாரம் வைத்து டீயோடு கொண்டுவந்தாள். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, எதுவும் வேண்டாம் என்றேன். தண்ணீர் கொடுத்தாள். அதை நாற்காலிக்குக் கீழே வைத்துவிட்டேன்.

எனக்குச் சர்க்கரை வியாதி கிடையாது, மேடம். உங்கள் டாக்டர் பார்த்தால் தெரிந்துவிடும் என்பதால் எழுதுகிறேன்.

கௌதமிடம் மறுபடியும் கேட்டேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். முப்பத்தொரு குடும்பம் தெருவுக்கு வந்துவிடும் தம்பி என்றேன்.

"முப்பத்திரெண்டு சார்" என்றான்.

ஆமாம், முப்பத்திரண்டு என்றேன். வெள்ளிக்கிழமை மாலையிலிருந்தே என் வாயில் முப்பத்தொன்று என்றுதான் வந்துகொண்டிருந்தது.

பிறகு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சார், நீங்களே மெயில் போடுங்க. உங்க பேர்லயே போடுங்க. நாங்களே சோதிச்சுக் கண்டுபிடிச்சோம்னு எழுதுங்க. என் பேரு வேணாம். தப்பு உங்களோடது இல்ல சார், ஓவனோடது. இன்னும் ஆறு கெணறு தோண்டிட்டு ஒண்ணும் வரலைன்னா, அப்ப யாரு மூஞ்சில முழிப்பீங்க?"

நல்ல யோசனைதான். இப்போது எழுதும்போது அது எவ்வளவு நல்ல யோசனை என்று தெரிகிறது. ஆனால் அந்த வீட்டில், அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நான் கைதூக்கி விட்டவன் என்னை மன்னித்து, எனக்கு வழி சொல்லிக் கொடுப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, எனக்குள் ஏதோ அடங்கிப்போனது. இரண்டு நாளாக இருந்த படபடப்பு நின்றுவிட்டது. சரி தம்பி, நாளைக்கு நீயும் நானும் சேர்ந்தே சொல்லலாம் என்றேன். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பைக்கில் முன்னால் வந்து வழி காட்டினான். எனக்கு வழி தெரியும் என்று சொன்னாலும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை நடந்ததை நேரப்படி எழுதுகிறேன்.

டிரை ஐஸ் கரைந்தால் தண்ணீராகாது, வாயுவாகிவிடும். அந்த வாயு மூச்சை நிறுத்திவிடும், அதற்கு வாடை கிடையாது. அதனால் குளிர் அறையில் காற்றை வெளியே தள்ளும் ஃபேன் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். புது ஐஸ் போட்ட அன்று ஷபீ பாய் கதவில் தொங்கும் பலகையைச் சிவப்புப் பக்கம் திருப்பி வைப்பார். சிவப்பு என்றால் கதவை அகலத் திறந்து வைத்து, காற்றாட விட்டு, அப்புறம்தான் உள்ளே போக வேண்டும். பச்சை என்றால் நேராகப் போகலாம். இந்த ஏற்பாட்டைச் செய்தது நான். லேபில் ஒருவர்கூட இதை மீறியதில்லை.

காலை பதினோரு மணிக்கு ஷபீ பாய் ஐஸ் போட்டார். பலகையைச் சிவப்புக்குத் திருப்பினார். அவர் உங்களிடம் சொன்னது உண்மை. பன்னிரண்டு மணிக்கு நான் ஃபேனை நிறுத்தினேன். ஒரு மணிக்கு ஷபீ பாய் லுஹர் தொழுகைக்குப் போனார், மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். அன்றைக்குக் கரண்ட் கட், ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தத்தில் ஃபேன் ஓடுகிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. ஒன்றேகாலுக்குப் பலகையைப் பச்சைக்குத் திருப்பினேன். பிறகு கௌதமைக் கூப்பிட்டேன். ரஃபத் மேடம் மூன்று மணிக்கு வருகிறார், உறைந்த கல்லில் ஒரு துண்டு வெளியே எடுத்து வை, நேரில் காட்டிவிடலாம் என்றேன்.

"தேங்க்ஸ் சார்" என்றான். "சாப்ட்டு வந்து எடுக்கவா, இப்பவே எடுக்கவா?"

இப்பவே என்றேன். டிபன் பாக்ஸை மேஜையில் வைத்துவிட்டுப் போனான். குளிர் அறைக் கதவுக்கு முன்னால் பலகையைப் பார்த்தான், பச்சை. கதவை ஒரு சாண் திறந்து மூக்கால் ஒரு இழுப்பு இழுத்தான். நாறவில்லை. உள்ளே போனான்.

நான் என் அறைக்குப் போய் டீ குடித்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்து ஷபீ பாய் வந்து கதவைத் திறந்தார். அவர் கத்தியது தெரு வரைக்கும் கேட்டது. அதற்குள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, அதை நான் மறுபடி போட்டிருந்தேன். பலகையை மட்டும் சிவப்புக்குத் திருப்பி வைக்க மறந்துவிட்டேன் என்று எழுதலாமா என யோசித்தேன். மறக்கவில்லை. ஒரு சாவு என்றால் அதற்குப் பொறுப்பான ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்பார்கள், நீங்களும் கேட்பீர்கள். இந்த ஊரில் தொட்டியில் இறங்கிச் செத்தவர்களுக்கெல்லாம் ஒரு சூப்பர்வைசரோ காண்ட்ராக்டரோ கிடைத்துவிடுவார், நாலு நாளில் ஜாமீனில் வந்துவிடுவார். ஷபீ பாயும் அப்படி வந்துவிடுவார் என்றுதான் இருந்தேன். பதினாறு நாள் ஆகும் என்று நினைக்கவில்லை.

ரஃபத் ஜஹான் மூன்று மணிக்கு வந்தார். ஆம்புலன்ஸைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். கல்லைப் பற்றி அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நான் ஆம்பூருக்குப் போய் அடக்கத்துக்கு நின்றேன், முதல் கைப்பிடி மண்ணைப் போட்டவர்களில் நானும் ஒருவன். ஜாஸ்மின் என் காலடியில் உட்கார்ந்து, "ஞாயித்துக்கெழமை வந்தீங்களே சார், எவ்ளோ சந்தோஷமா இருந்தாரு தெரியுமா" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பு இல்லை.

நீங்கள் குளிர் அறைக்கு மட்டும்தான் சீல் வைத்தீர்கள். கௌதமின் இரண்டாவது துண்டு ஈர ஓவனிலேயே இருந்தது. அதைத் தூக்கிப் போட்டிருக்கலாம். லேபில் வேறு யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. ஆனால் என்னால் முடியவில்லை. ஈரத்தைப் பார்த்துக்கொண்டு, கதவைத் திறக்காமல், இன்னும் பதினைந்து நாள் விட்டு வைத்தேன். நேற்று வெளியே எடுத்து நானே அளந்தேன். மூன்று புள்ளி எட்டு. கௌதம் நான்கு என்றான். அவன் சொன்னது சரிதான், கொஞ்சம் கூடச் சொல்லியிருக்கிறான், அவ்வளவுதான்.

அளந்து முடித்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது ஷபீ பாயின் மகள் ஹுமேரா வந்தாள். அப்பாவுக்கு ஜாமீன் மனுவோடு வைக்க ஒரு கடிதம் வேண்டும் என்றாள். "நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க சார். அப்பா அப்படிப்பட்டவர் இல்லைன்னு. நீங்க சொன்னா எல்லாரும் நம்புவாங்க" என்றாள். எழுத உட்கார்ந்தேன். முதல் வரி எழுதினேன். நீங்க சொன்னா எல்லாரும் நம்புவாங்க என்று அவள் சொன்னது காதிலேயே நின்றது. இரண்டாவது வரி வரவில்லை. அதனால் இங்கே வந்தேன்.

நான் முப்பத்தொரு குடும்பத்துக்காகத்தான் இதைச் செய்தேன். அது நடக்கவில்லை. மூன்று புள்ளி எட்டு என்கிற ரிப்போர்ட்டை இன்று காலை ரஃபத் ஜஹானுக்கு அனுப்பிவிட்டுத்தான் வந்தேன், இனி லேப் இருக்காது. ரிப்போர்ட்டில் என் கையெழுத்து இருக்கிறது. கௌதம் அவன் பெயர் வேண்டாம் என்று சொன்னதால் போடவில்லை. தன் தப்பைத் தானே கண்டுபிடித்துத் திருத்தினார் என்று அவர்கள் ஆபீஸில் பேசிக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். படத்தில் அந்த மஞ்சள் பட்டையை அழித்தாலும் எழுத்தை விட்டு வைக்கலாம்.

கடைசியாக, நீங்கள் முதல் நாளிலிருந்து எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி. "உள்ள இருந்து தள்ளினாலே தொறக்கற கதவு. கைப்பிடி நல்லா இருக்கு. ஆளு கதவுக்குப் பக்கத்துலதான் கெடந்தாரு. அப்புறம் ஏன் வெளிய வரல?" நியாயமான கேள்வி. உங்களைத் தவிர வேறு யாரும் அதை யோசிக்கவில்லை.

மேலே, அறைக்குப் போய் டீ குடித்தேன் என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடித்துவிடுங்கள், மேடம். டீ பிறகுதான் குடித்தேன். அந்த நேரத்தில் நான் குளிர் அறைக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தேன். அங்கே நடை குறுகல், எதிர்ச் சுவரில் காலை ஊன்றிக்கொள்ளலாம். கௌதம் உள்ளே போய் இரண்டு மூச்சு விடுவதற்குள் கண்டுபிடித்துவிட்டான், உடனே திரும்பி வந்துவிட்டான். கைப்பிடி இறங்கியது என் இடுப்பில் தெரிந்தது. பிறகு தள்ளினான். கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் அவன் குரல் நன்றாகக் கேட்டது.

"சார், கதவு மாட்டிகிச்சு. சார், கொஞ்சம் இழுங்க."

நான்கு தடவை சொன்னான். நான்காவது தடவை சார் என்று சொல்லவில்லை, அண்ணே என்றான். பதினான்கு வருடத்தில் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. கதவுதான் மாட்டிக்கொண்டது என்று நினைத்துக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் நான் இழுத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

இதை மட்டும் ஜாஸ்மினிடம் சொல்லிவிடுங்கள், அவளுக்கு ஆறுதலாக இருக்கும். கௌதம் கடைசி வரைக்கும் என்னைத் தப்பாக நினைக்கவே இல்லை.